மாமியார் நினைவாக டயாலிசிஸ் மெஷின்: வாங்கித் தருவதா, பணமாகத் தருவதா?

கேள்வி: நாங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். என் மாமியார் ஏற்காட்டுக்காரர். கடைசி இரண்டு வருடம் வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்காக மலையிலிருந்து இறங்கி, சாயங்காலம் திரும்ப ஏறினார். “நம்ம ஊர்லயே ஒரு மெஷின் இருந்தா” என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், போன வருடம் போய்ச் சேர்ந்தார். அவர் நினைவாக மலையிலுள்ள அரசு மருத்துவமனைக்கு ஒரு மெஷின் வாங்கித் தர ஆசை. எங்கள் பங்கு 6 லட்சம். கொழுந்தனாரும் நாத்தனாரும் 3 லட்சம் தருகிறார்கள். கடைவீதி நண்பர்களும் எஸ்டேட்டில் இருக்கும் பழக்கக்காரர்களும் 5 லட்சம். மொத்தம் 14 லட்சத்தையும் என் சேமிப்புக் கணக்கில் வாங்கி, நாங்களே மெஷினை வாங்கிக் கொடுத்துவிடலாமா? ஒரு மெஷினுக்கு 7 லட்சம் என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. என் கணவரின் வருட வருமானம் சுமார் 12 லட்சம். வரிச் சலுகை கிடைக்குமா? சொந்தமாக டிரஸ்ட் ஆரம்பிக்கச் சொல்கிறார் அண்ணன் மகன். மாசியில் திதி வருகிறது, அதற்குள் முடிக்க வேண்டும்.

— செவ்வாய்ப்பேட்டை வாசகி

பதில்: அம்மா, முதலில் அந்தச் சேமிப்புக் கணக்கு யோசனையை விட்டுவிடுங்கள். கொழுந்தனார், நாத்தனார் தருவது உறவினர் பணம், அதில் சிக்கல் இல்லை. நண்பர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கணக்கில் விழுந்தால், அதை உங்கள் வருமானமாகவே வரித்துறை பார்க்கும். அது தர்மத்துக்கு வாங்கியது என்று பிறகு நோட்டீஸுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். கொடுத்தவர்களுக்கும் அவரவர் பெயரில் ரசீது கிடைக்காது. தானத்தைப் பெறும் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே ஒவ்வொருவரும் நேராக அனுப்பட்டும். நீங்கள் ஒரு நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டால் போதும், பட்டறையில் வெள்ளி வரவு எழுதுவது போல.

இனி மெஷின். சில வருடங்களுக்கு முன் ஒரு அரிசி ஆலைக்காரர் என்னிடம் வந்தார். அப்பா பெயரில் ஒரு மருத்துவமனைக்கு எக்ஸ்ரே மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தார். ஊர் பெயர் வேண்டாம். ரிப்பன் வெட்டி, சால்வை போட்டு, போட்டோ எடுத்தாயிற்று. எக்ஸ்ரே அறை என்றால் 23 சென்டிமீட்டர் செங்கல் சுவருக்கு ஈடான தடுப்பு வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் வேண்டும். அந்த அறையில் இருந்தது அரைச் செங்கல் சுவர். பெட்டி பிரிக்காமலே கிடந்தது, மேலே குளுக்கோஸ் பாட்டில் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். ஒரு வருட வாரண்டி பெட்டிக்குள்ளேயே முடிந்துபோனது. யார் மீதும் குற்றமில்லை. “உங்களுக்கு என்ன வேண்டும்” என்று அவரும் கேட்கவில்லை, “இது இப்போது ஆகாது” என்று அவர்களும் சொல்லவில்லை. இலவசமாக வருவதை வேண்டாம் என்று சொல்ல எந்த டாக்டருக்குத்தான் மனசு வரும்?

(நல்லவேளை அவர் ஸ்கேன் மெஷின் வாங்கவில்லை. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாத இடத்துக்கு அல்ட்ராசவுண்ட் மெஷினை விற்கவே கூடாது. தானம் செய்யப் போய் போலீஸ் ஸ்டேஷன் வாசல் ஏறியிருப்பார்.)

டயாலிசிஸுக்கு அந்த மாதிரி சுவர் தேவையில்லை. ஆனால் தண்ணீர் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 500 மில்லி கரைசல், நாலு மணி நேரம் என்றால் ஒரே ஆளுக்கு ஒரு தடவைக்கு 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர். தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி கழித்துவிடுவதையும் சேர்த்தால் தொட்டியிலிருந்து இறங்குவது அதைவிட மிக அதிகம். ஏற்காட்டில் கோடைக்காலத் தண்ணீர் நிலைமை உங்கள் மாமியார் வீட்டாருக்கே தெரியும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உடனே எடுக்க வேண்டும். நோயாளியின் ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும்போது மெஷினுக்குள் இருக்கும் பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டயாலிசிஸ் டெக்னீஷியன் வேண்டும், மேற்பார்வைக்குச் சிறுநீரக மருத்துவர் வேண்டும். மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளவர்களுக்குத் தனி மெஷின் வைக்க வேண்டும் என்பதால் ஒற்றை மெஷினை வைத்து ஒரு யூனிட் நடத்துவது சிரமம். இரண்டு ஷிப்ட் ஓட்டினாலும் வாரம் ஆறு நாளில் பன்னிரண்டு தடவை, அதாவது ஆறு பேர்.

ஆகவே மலையில் ஏற்கெனவே தண்ணீர், ஜெனரேட்டர், ஆள் மூன்றும் ஏற்பாடாகி, மெஷின் மட்டும்தான் பாக்கி என்று அதிகாரி எழுத்தில் சொன்னால் கொடுங்கள். அப்படி இல்லையென்றால் மலைக்கு டயாலிசிஸ் மெஷின் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கோபப்படாதீர்கள்.

யாரைக் கேட்பது என்றால், ஏற்காடு போன்ற தாலுகா அரசு மருத்துவமனைகள் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரின் கீழ் வருகின்றன. ‘ஜே.டி. ஆபீஸ்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலர். கீழே சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு என்றால் டீன். நீங்கள் கொடுக்கும் நாளிலிருந்து பொருள் அரசுடையது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிவிடும், வேறு மருத்துவமனைக்கு மாற்றவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதனால் ஒப்புதல் கடிதம் கைக்கு வராமல் எந்தக் கம்பெனிக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். பணமாகத் தருவதானால் மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்தின் பெயரில் தரலாம், எதற்காக என்று கடிதத்தில் எழுதி.

வாங்குவது எதுவானாலும் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். மெஷின் விலையோடு, வாரண்டி முடிந்த பிறகான ஐந்து வருட முழுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் விலையையும் அதே பர்ச்சேஸ் ஆர்டரில் பேசி முடித்துவிட வேண்டும். உதிரி பாகமும் அதில் அடங்க வேண்டும். வாங்கும் நாளில் பேரம் உங்கள் கையில். மூன்று வருடம் கழித்து போர்டு எரிந்துபோனால் அவன் சொன்னதுதான் விலை. வருடத்துக்கு மெஷின் விலையில் 5 சதவீதம் என்று ஒத்துக்கொண்டால், 7 லட்சத்துக்கு 35,000 ரூபாய், ஐந்து வருடத்துக்கு 1.75 லட்சம். இது கைக்காசிலிருந்து வருடாவருடம் எடுத்துத் தருகிறேன் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள், அது நீங்களாகவே இருந்தாலும்.

பழைய ஆட்கள் இதில் நம்மைவிட விவரமாக இருந்தார்கள். பதினோராம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைப் பற்றிச் சொல்கிறது. வைத்தியருக்கு, அறுவை செய்பவருக்கு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு ஆண்டுக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு, ராத்திரி எரியும் விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்று அந்த எண்ணெய்க் காசை ஒதுக்கி வைக்க வழி உண்டு, ஆனால் அது அறக்கட்டளை மருத்துவமனையில்தான் சுலபம். ‘இது மூலதன நிதி, முதலைத் தொடக் கூடாது, வட்டியை இன்னதற்கு மட்டும் செலவிட வேண்டும்’ என்று நீங்கள் எழுத்தில் கொடுத்தால், அதைச் சட்டம் அனுமதித்த முதலீடுகளில் தனியாக வைக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. 5 லட்சத்தை 7 சதவீத டெபாசிட்டில் போட்டால் வருடம் 35,000 வட்டி வரும், கிட்டத்தட்ட அந்தப் பராமரிப்புத் தொகையேதான்.

வரிச் சலுகைக்கு வருகிறேன். உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நீங்களே மெஷின் வாங்கிக் கொடுத்தால் அது பொருள் தானம். நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் 80ஜி பிரிவில் பொருளுக்கு ஒரு பைசாக் கழிவு இல்லை. ரொக்கமாகத் தந்தால் 2,000 ரூபாய்க்கு மேல் இல்லை. வங்கி வழியாகப் பணமாகத் தந்து, அந்த அமைப்பு 80ஜி அனுமதி பெற்றதாக இருந்து, 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழும் தந்தால், சாதாரண அறக்கட்டளைக்குத் தந்ததில் பாதி கழியும். அதற்கும் வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. இவ்வளவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறையில் 80ஜி கிடையாது.

வேறு கழிவு எதுவும் இல்லை என்று வைத்து, 2025-26 நிதியாண்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 லட்சத்தில் 10 சதவீதம் 1.2 லட்சம். நீங்கள் 6 லட்சம் தந்தாலும் 1.2 லட்சம்தான் கணக்கில் வரும், அதில் பாதி 60,000. செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து மிச்சமாகும் வரி 18,720 ரூபாய். அதைக் கழித்த பிறகும் பழைய முறையில் உங்கள் கணவர் கட்ட வேண்டியது 1,60,680. அதே 12 லட்சத்துக்குப் புதிய முறையில் வரியே இல்லை. 18,720க்காகப் பழைய முறைக்குப் போவது, இலவச தட்டுவடை செட்டுக்காக ஆட்டோ பிடித்துப் போவது மாதிரி. வீட்டுக் கடன் வட்டி, பிஎஃப் போன்றவை நிறைய இருந்தால் கணக்கு மாறலாம், ஆடிட்டரிடம் காட்டுங்கள். தொழில் வருமானம் உள்ளவர்கள் பழைய முறைக்குப் போய்விட்டுப் புதியதற்குத் திரும்புவது ஒரே ஒரு தடவைதான் முடியும் என்பதையும் அவரிடம் ஞாபகப்படுத்துங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு; ‘80ஜி’ என்று சொன்னால் அவருக்குப் புரியும்.

சொந்த டிரஸ்ட் வேண்டாம். பதிவு, பான், வரித்துறை அனுமதி, வருடாந்திரக் கணக்கு என்று அண்ணன் மகனுக்கு வேலை கிடைக்கும், நோயாளிக்கு ஒன்றும் கிடைக்காது.

14 லட்சத்தை என்ன செய்வது? நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டயாலிசிஸ் யூனிட் ஒன்றுக்கு, மலையிலிருந்து இறங்குகிறவர்கள் வந்து சேரும் இடமாகப் பார்த்து, 7 லட்ச மெஷினும் 1.75 லட்சப் பராமரிப்பும். அந்த யூனிட்டில் மெஷின் போதவில்லையா, ஆர்.ஓ. பழுதா என்று கேட்டுவிட்டு, ஆர்.ஓ. தான் தகராறு என்றால் அந்தப் பணத்தை அதற்கே தருவேன். ஆர்.ஓ.வுக்குப் பெயர்ப்பலகை வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்தான். அது கெட்டால் எல்லா மெஷினும் நின்றுவிடும்.

மிச்சத்தில் ஒரு 3 லட்சத்தை மலைக்கு. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும்; ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வாழும் பகுதிகளில் ஐந்தில் ஒரு பங்கே போதும். ஏற்காடு மலைக்கிராமங்களில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள்தான், சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. மூன்றில் ஒன்று என்றால் உங்கள் 3 லட்சம் 9 லட்ச வேலையாகும், ஐந்தில் ஒன்று என்று ஏற்றுக்கொண்டால் 15 லட்சம். நோயாளிகளோடு வருகிறவர்கள் மழையில் நனையாமல் உட்கார ஒரு கூடம், பெண்களுக்குக் கழிப்பறை போன்ற கட்டட வேலைகளுக்கு ஒத்துவரும். கலெக்டர் ஆபீஸில் விசாரியுங்கள், மலைக்கு எந்த விகிதம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாக்கி 2.25 லட்சம். மலை மருத்துவமனையில் நாளைக்கே பயன்படுத்த ஆள் இருக்கிற சின்னப் பொருட்களுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். இ.சி.ஜி. மெஷின், நோயாளி மானிட்டர், ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், வார்டுக்கு யு.பி.எஸ். எது என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள், தலைமை நர்ஸிடம் கேளுங்கள். டாக்டர்கள் மாறுதலாகிப் போய்விடுவார்கள், எந்த ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் இரண்டு தடவை படித்தேன். மாமியார் இறங்கினார், சாயங்காலம் திரும்ப ஏறினார் என்று. நாலு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு, கால் துவண்டு, அந்த இருபது கொண்டை ஊசி வளைவு. அரசு மருத்துவமனைகளில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இலவசம். வண்டிச் செலவுதான் கைக்காசு. அவர் கேட்டது மெஷினாக இருக்கலாம், பட்ட பாடு பாதையில். கொழுந்தனார் இன்னும் கொஞ்சம் தரத் தயார் என்றால், அந்த மூலதன நிதிக் கடிதத்தில் ‘இன்னதற்கு’ என்ற இடத்தில் ‘மலையிலிருந்து வரும் டயாலிசிஸ் நோயாளிகளின் வாகனச் செலவு’ என்று எழுதலாம். 5 லட்சம் போட்டால் மாதத்துக்குச் சுமார் 2,900 ரூபாய். கார் வாடகைக்குக் காணாது, நாலைந்து பேருக்கு பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் ஆகும்.

மாசிக்குள் எல்லாம் முடியாது. ஒப்புதல், கொட்டேஷன், பொருத்துவது என்று பல மாதம் இழுக்கும். திதியன்று படத்துக்கு முன் வைக்க ஜே.டி. ஆபீஸின் ஒப்புதல் கடிதம் கிடைத்தால் பெரிய விஷயம். நாளை காலையே ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக்கொண்டு போய்க் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.