இலை கொட்டும் ஃபைகஸ்

கேள்வி: நாற்றுப்பண்ணையில் அடர்ந்து செழித்திருந்த ஃபைகஸ் பெஞ்சமினா செடியை வாங்கி வந்து வரவேற்பறையில் வைத்தேன். இரண்டே வாரங்களில் பாதி இலைகள் கொட்டிவிட்டன. தினமும் தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. செடி பட்டுவிடுமா? தோட்டத்தில் சுவரோரமாக நட்டுவிடலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அஞ்ச வேண்டாம், இது பெரும்பாலும் நோயாக இராது. ஆலுக்கும் அரசுக்கும் உறவான இச்செடி, இடம் மாறியவுடன் இலை உதிர்ப்பதற்குப் பேர்போனது. பண்ணையின் நல்ல வெளிச்சத்தில் துளிர்த்த தடித்த இலைகள் அறையின் மங்கிய வெளிச்சத்தில் போதிய உணவு தயாரிக்க இயலாதவை என்பதால், அவற்றைக் கழித்துவிட்டு, அந்த வெளிச்சத்துக்கு ஏற்ற மெல்லிய இலைகளைச் செடி புதிதாக விடுகிறது. நீங்கள் பதறிப்போய் மறுபடியும் இடம் மாற்றினால், அது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் அக்கிளைக்கு உயிர் இருக்கிறது.

எனக்குக் கவலை தருவது நீங்கள் தினமும் ஊற்றும் தண்ணீர்தான். இலைகள் குறைந்த செடி உறிஞ்சும் நீரும் குறைவு. மிஞ்சிய ஈரம் தொட்டியில் தேங்கி வேரை அழுகச் செய்யும். மேல்மண்ணில் விரலின் இரண்டு கணு ஆழம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். நேர்வெயில் படாத, ஆனால் வெளிச்சம் மிகுந்த ஜன்னலோரத்தில், ஏசி காற்று நேரே அடிக்காதபடி ஒருமுறை வைத்துவிட்டு, பிறகு அசைக்காதீர்கள். புதுத் துளிர் வரும்வரை உரமும் வேண்டாம், தொட்டி மாற்றவும் வேண்டாம். இலையடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது சிலந்திப்பேன். இலைகளின் இருபுறமும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

சுவரோரம் மட்டும் நட வேண்டாம். தொட்டியில் ஆளுயரத்தில் அடங்கி நிற்கும் இதே செடிதான் பாங்காக் நகரின் அடையாள மரம். மண்ணில் விட்டால் ஏறத்தாழ 30 மீட்டர் வரைகூட உயரும், அதன் வேர்கள் நடைபாதையையும் சுவரையும் பெயர்த்துவிடும். மேலும், கிளையை வெட்டும்போது வடியும் வெண்பால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதாலும், இலையைக் கடிக்கும் நாய்க்கும் பூனைக்கும் அது ஒவ்வாது என்பதாலும், கையுறை அணிந்து கவாத்து செய்து, உதிர்ந்த இலைகளை அன்றன்றே அகற்றிவிடுங்கள்.