ஏர்பேக் போட்டால் பேலோடு கூடுமா?

உங்கள் ஃபோர்டு எஃப்-150 பிக்அப் டிரக்கின் கதவுத் தூண் ஸ்டிக்கரில் பேலோடு (ஆட்களும் சாமானும் சேர்த்து வண்டி சுமக்கக்கூடிய எடை) 1,500 பவுண்டு, இழுக்கப்போகும் டிரெய்லர் 7,000 பவுண்டு; பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த ஏர்பேக் போட்டால் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்காதுங்க. ஏர்பேக் தொங்கும் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். ஆக்சில், பிரேக், டயர் எல்லாம் பழையதுதானே?

டிரெய்லர் எடையில் 13 சதவீதம் கொக்கியில் இறங்கினாலே 910. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 100. நீங்கள் நால்வர் 600. ஆக 1,610! பின்னால் ஒரு ஐஸ்பெட்டிகூட ஏற்றவில்லை, அதற்குள் தாண்டிவிட்டது.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் கொஞ்சம் எடையை முன்சக்கரத்துக்கும் டிரெய்லர் ஆக்சிலுக்கும் மாற்றும். ஸ்டிக்கர் எண்ணை மாற்றாது. கொக்கி எடையைக் குறைக்கச் சாமானைப் பின்னால் தள்ளிவிடாதீர்கள், 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வாலாட்டும். பிள்ளைகளோடு போகிறீர்கள். 5,500 பவுண்டுக்குள் ஒரு டிரெய்லர் பாருங்கள், அப்புறம் டிரக் ஸ்டாப் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.