லண்டனில் தற்காப்புக்கு ஆயுதம் வைத்துக்கொள்ளலாமா? புதிதாக வந்த செவிலியர் தங்கைக்கு ஒரு பதில்

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான்: மருத்துவமனையில் 'லாங் டே' என்ற நீண்ட பகல் ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடுகிறது. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகும் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. மதுரையில் பள்ளி நாள் முதல் சிலம்பம் கற்றவர் நீங்கள். சென்னையில் வேலை பார்த்தபோது மிளகு ஸ்பிரே எப்போதும் கைப்பையில் இருந்தது. டிசம்பரில் தம்பி வருகிறான், அவனிடம் மிளகு ஸ்பிரே, திருகி இணைக்கும் கம்பு, சிலம்பத்தோடு பயிலும் மான் கொம்பு ஆயுதம் மூன்றையும் கொடுத்தனுப்பச் சொல்லலாமா? கூட வேலை செய்யும் ஒருவர், நுன்சாக்கு (சங்கிலியால் இணைத்த இரண்டு குட்டைக் கட்டைகள்) வைத்துக்கொண்டால் சட்டச் சிக்கல் இல்லை என்கிறாரே, உண்மையா?

மூன்றும் வேண்டாம். நுன்சாக்குவும் வேண்டாம். தம்பிக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.

முதலில் மிளகு ஸ்பிரே. நம் ஊரில் உரிமம் எதுவும் இல்லாமல் கடையில் வாங்கலாம். தனியாகப் போகும் பெண்ணிடம் "பையில் ஒன்று வைத்துக்கொள்" என்று பெரியவர்களே சொல்வார்கள். அதனால்தான் இங்கே வரும் நம் பெண்கள் இதில் அதிகமாக மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம், ஐந்தாம் பிரிவு, தீங்கு தரும் திரவத்தையோ வாயுவையோ பீய்ச்சும் கருவியைத் தடைசெய்யப்பட்ட ஆயுதமாகவே வைத்திருக்கிறது. கையில் எடுத்துப் போனால் மட்டுமல்ல, வீட்டு அலமாரியில் இருந்தாலும் குற்றம். அதிகபட்ச தண்டனை 10 ஆண்டு சிறை. மின்அதிர்ச்சி தரும் கருவிக்கும் இதே பிரிவுதான். அது டார்ச் போலவோ கைப்பேசி போலவோ உருமாற்றப்பட்டிருந்தால் இன்னும் மோசம்: விதிவிலக்கான சூழ்நிலை இல்லாவிட்டால் குறைந்தது 5 ஆண்டு சிறை. இவை போக, மிளகு ஸ்பிரேயை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, சரக்குப் பெட்டியிலும் கொண்டுவர முடியாது. மாட்டினால் தம்பிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது கம்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் நியாய உணர்வும் இந்த நாட்டுச் சட்டமும் நேருக்கு நேர் முட்டும் இடம் இதுதான். 1953-ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டப்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். 4 ஆண்டு வரை சிறை. தாக்கும் ஆயுதம் என்பதில் மூன்று வகை உண்டு. ஆளைக் காயப்படுத்துவதற்கென்றே செய்யப்பட்டது ஒன்று. அதற்காக மாற்றி அமைக்கப்பட்டது இன்னொன்று. மூன்றாவது, சாதாரணப் பொருளாக இருந்தாலும் காயப்படுத்தும் எண்ணத்தோடு எடுத்துச் செல்லப்படுவது. பயிற்சிக் கம்பு தன்னளவில் முதல் இரண்டிலும் எளிதில் அடங்காது. மூன்றாவதில்தான் ஆபத்து. போலீஸ்காரர் பையைத் திறந்து "இது எதற்கு?" என்று கேட்கிறார். நீங்கள் வெள்ளை மனதோடு "யாராவது தாக்க வந்தால் தடுத்து அடிப்பதற்கு" என்கிறீர்கள். அவ்வளவுதான், காயப்படுத்தும் எண்ணம் இருந்தது என்பதற்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். தற்காப்புக்காக என்ற பதில் நம்மைக் காப்பாற்றும் என்று நாம் நினைக்கிறோம். இங்கே குற்றத்தை நிலைநாட்டுவதே பெரும்பாலும் அந்தப் பதில்தான். அதற்காகப் பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை, ஒருபோதும் சொல்ல மாட்டேன். பொய் சொல்ல நேரும் பொருளைப் பையில் வைக்காதீர்கள் என்கிறேன்.

அச்சம் தக்க காரணம் ஆகாதா என்று கேட்பீர்கள். நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைப் பலமுறை பார்த்திருக்கின்றன. சில நாள் முன்பு தாக்கப்பட்ட ஒருவர் இரும்புத் துண்டு வைத்திருந்த வழக்கு 1972-இல் வந்தது. உடனடியான, குறிப்பிட்ட ஆபத்து இருந்தால் அது காரணம் ஆகலாம் என்றார்கள். அந்த வழக்கையே எல்லைக்கோட்டில் நிற்பதாகத்தான் பார்த்தார்கள். 1989-இல் வந்த வழக்கு நுன்சாக்கு பற்றியதே. வன்முறைக்குப் பேர்போன ஒருவரைப் பார்க்கப் போனவர், பாதுகாப்புக்கென்று அதை எடுத்துப் போனார். ஆபத்தை அவரே தேடிப் போனார், தவிர்த்திருக்கலாம் என்று தண்டனை உறுதியானது. பொதுவாகவே தெரு பயமாக இருக்கிறது, எந்த நாளும் ஏதாவது நடக்கலாம் என்ற உங்கள் நியாயமான பயத்தை, தினமும் ஆயுதம் சுமப்பதற்கான காரணமாக இங்கே ஏற்க மாட்டார்கள். உங்கள் தோழர் சொன்னதில் ஒரு பாதி சரி: ஷூரிகென் என்ற எறி நட்சத்திரம், விரல்களில் மாட்டும் இரும்பு வளையம், பட்டாம்பூச்சிக் கத்தி, நீட்டினால் நீளும் தடி எல்லாம் இருக்கும் தடைப் பட்டியலில் நுன்சாக்குவின் பெயர் இல்லை. பட்டியலில் இல்லாததால் தெருவில் எடுத்துப் போகலாம் என்று அவர் கருதினால் அது தவறு. கனடாவில் உறவினர் இருந்தால் அவர்களையும் எச்சரியுங்கள், அங்கே நுன்சாக்குவை வைத்திருப்பதே குற்றம்.

அந்தத் தடைப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. 1988-இல் தொடங்கிய அது வளர்ந்துகொண்டே வருகிறது. முதலில் விற்பதும் இறக்குமதி செய்வதும்தான் தடை. 2021 ஜூலை முதல் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 2024 செப்டம்பரில் ஸாம்பி வகைக் கத்திகளும், 2025 ஆகஸ்டில் நிஞ்சா வாள்களும் சேர்ந்தன. ஆகவே இணையக் கடையில் கிடைக்கிறதே என்று எதையும் வாங்காதீர்கள்.

மான் கொம்பு விஷயத்தில் இரண்டு நாட்டுச் சட்டமும் குறுக்கே நிற்கின்றன. மடுவு என்பது இந்த மான் கொம்பு ஆயுதம்தான்; நம் ஆசான்களின் பழைய மடுவு பெரும்பாலும் வெளிமான் கொம்பில் செய்தது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த மானை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. கொம்பை நாட்டை விட்டு வெளியே எடுத்து வந்தால் அங்கேயே வழக்கு வரும். அதைத் தாண்டி இங்கே வந்து சேர்ந்தாலும், கூர்முனையுள்ள பொருளைப் பொது இடத்தில் வைத்திருக்க 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நல்ல காரணம் காட்ட வேண்டும். சுருள்வாளுக்கும் அதே கதிதான். 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுடைய, மடக்கும் சிறு பேனாக்கத்திக்கு மட்டுமே விலக்கு. விரித்தால் பூட்டிக்கொள்ளும் கத்திக்கு அந்த விலக்கும் இல்லை.

நீங்கள் செவிலியர் என்பதால் இன்னொன்றையும் யோசியுங்கள். இந்த நாட்டில் நம்முடைய சொத்து, செவிலியர் பதிவு எண்ணான நம் பின் நம்பர்தான். போலீஸ் எச்சரிக்கை பெற்றாலும், குற்றம் சாட்டப்பட்டாலும், செவிலியர் பதிவு மன்றத்துக்கும் வேலை தருபவருக்கும் நாமே தெரிவிக்க வேண்டும் என்று நம் தொழில் நெறிமுறை சொல்கிறது. விசா நீட்டிப்பிலும் பிறகு குடியுரிமைக்கும் அதே கேள்வி வரும். 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதித்தால் நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கும். எங்கள் பகுதியில் ஒரு தம்பி, வார நாள் இரவில், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் கம்போடு காரில் போனான். அன்று சிலம்ப வகுப்பும் இல்லை. நிறுத்தியவர்களிடம் "பாதுகாப்புக்கு" என்றான். ஓர் இரவு காவலில் வைத்து விசாரித்து அனுப்பினார்கள். வழக்கு போடவில்லை என்ற கடிதம் வர மாதக்கணக்கில் ஆயிற்று. அதுவரை அந்தப் பிள்ளை சோறு தின்றதையும் தூங்கியதையும் நாங்கள் பார்க்கவில்லை. சாலையில் போகும் காரும் பொது இடம்தான் என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மறந்துபோய்க் காரிலேயே கிடந்தது என்பதும் தனியாக ஒரு காரணம் ஆகாது; ஆயுதத்தைக் காரின் சிறு பெட்டியில் வைத்துவிட்டு மறந்த ஒருவரின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் உங்கள் திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை. கம்பு சுற்ற வட்டம் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். பஸ்ஸின் மேல்தளத்தில், இரண்டு பக்கமும் கார் நிற்கும் நடைபாதையில், கனத்த குளிர்கோட்டோடு, கையுறை போட்ட விரலால் பையைத் திறந்து, மூன்று துண்டைத் திருகி இணைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அப்படியே எடுத்துவிட்டாலும், கைப்பேசியைப் பறிக்க வந்தவனுக்கு முன்னால் இப்போது ஆயுதம் ஏந்திய ஆள் நிற்கிறார். அவனிடம் கத்தி இருந்தால் அதுவரை வெளியே எடுக்காதவன் அப்போது எடுப்பான். கைப்பேசி போகட்டும். சாவியை விரல்களுக்கிடையே பிடித்துக் குத்தச் சொல்லும் அறிவுரையும் வேண்டாம், அதில் முதலில் கிழிவது உங்கள் விரல்தான்.

இதனால் இங்கே நம்மைக் காத்துக்கொள்ளவே உரிமை இல்லை என்று பொருளல்ல. அந்த உரிமை வலுவாகவே இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் உண்மையாக நம்பிய ஆபத்துக்கு ஏற்ற அளவு பலத்தைப் பயன்படுத்தலாம். அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கணத்தில் கையில் இருந்த குடையையோ பையையோ பயன்படுத்தியதற்காக ஆயுதம் சுமந்த குற்றம் வராது. 1975-இல் ஒரு தச்சர் வேலை முடிந்து போகும்போது, பாதாள ரயில் நிலையத்தில் சண்டை மூண்டு, கருவிப் பையிலிருந்து சுத்தியலை எடுத்து அடித்துவிட்டார். அடித்த குற்றம் நின்றது. ஆயுதம் வைத்திருந்த குற்றம் நிற்கவில்லை, ஏனென்றால் அவர் சுத்தியலைச் சுமந்தது வேலைக்காக. குடையை மழைக்காக எடுத்துப் போங்கள். லண்டனில் அதற்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும்.

பையில் வைக்க வேண்டியது ஆளை உஷார்படுத்தும் சிறிய அலாரம். ஊசியை இழுத்தால் காதைக் கிழிக்கும். தற்காப்புப் பொருளில் எந்தச் சிக்கலும் இல்லாதது என்று இங்குள்ள போலீஸே சொல்வது அதைத்தான். பையின் அடியில் போடாதீர்கள், கோட்டில் கைக்கெட்டும் இடத்தில் மாட்டுங்கள். ஆபத்தில் 999. பேச முடியாத நிலை என்றால் கைப்பேசியில் அழைத்துவிட்டு, கேட்கும்போது 55 அழுத்துங்கள், இணைப்பு போலீஸுக்குப் போகும். ரயிலில் யாராவது தொந்தரவு செய்தால் 61016-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், அது ரயில்வே போலீஸின் எண். பஸ்ஸில் இரவு நேரத்தில் கீழ்த்தளத்தில், ஓட்டுநருக்கு அருகில் உட்காருங்கள். வார்டு மேலாளரிடம் கூச்சப்படாமல் பேசுங்கள்: அதே பக்கம் போகும் இன்னொருவரோடு ஷிப்டைச் சேர்த்துப் போட முடியுமா, காவலர் யாராவது பஸ் நிறுத்தம் வரை வருவார்களா என்று கேளுங்கள். புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்கவே தயங்குகிறார்கள். கேட்டவர்களுக்கு ஏதாவது ஒரு வழி செய்து கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். காதில் பாட்டு வேண்டாம். கைப்பேசியை நடக்கும்போது வெளியே நீட்டிப் பிடிக்காதீர்கள். இங்கே மின்சைக்கிளில் வந்து அப்படியே பறித்துப் போகிறார்கள்.

சிலம்பத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதை மனதாரச் சொல்கிறேன். வகுப்புக்குக் கம்பு எடுத்துப் போவது தக்க காரணம்தான். துணி உறையில் கட்டி, சீருடையும் உறுப்பினர் அட்டையும் கூடவே வைத்து, வீட்டிலிருந்து வகுப்புக்கும் வகுப்பிலிருந்து வீட்டுக்கும் நேரே போக வேண்டும். நடுவில் கடைவீதி, விருந்து, உணவகம் என்று சுற்றினால் அந்தக் காரணம் பலவீனமாகிக்கொண்டே போகும். காரில் போனால் பின்பெட்டியில் வைத்து, வீடு வந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் ஆடச் சொல்வார்கள். பள்ளி வளாகத்துக்குத் தனிச் சட்டப் பிரிவு உண்டு, எனவே பொறுப்பாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு ஆடுங்கள். எங்கள் வகுப்பில் ஞாயிறுதோறும் சிறுமிகள்தான் அதிகம். ஊரில் கற்ற ஒரு பெண் வந்து நின்றால் அவர்களுக்கு எவ்வளவு தெம்பு வரும் என்று யோசித்துப் பாருங்கள். கம்புகள் அங்கேயே இருக்கின்றன, தம்பி சுமந்து வர வேண்டாம். தெருவில் உங்களுக்கு உதவுவது கால்வரிசையும், தூரத்தை அளக்கும் கண்ணும், பயந்த நேரத்திலும் மூச்சு தடுமாறாத பழக்கமும். அவற்றை யாரும் பையைத் திறந்து பறிமுதல் செய்ய முடியாது.

நான் சொன்ன சட்டமெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது, ஸ்காட்லாந்தில் சட்டம் தனி. ஒருவேளை போலீஸ் உங்களை நிலையத்துக்கு அழைத்துப் போனால், வழக்கறிஞர் இலவசமாகக் கிடைப்பார். அவர் வரும்வரை விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள். மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

கடைசியாக, சென்னையிலிருந்து வந்த பெட்டியின் ஏதாவதொரு மூலையில் பழைய ஸ்பிரே கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம், பையில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு நடக்கவும் வேண்டாம். போலீஸின் அவசரமற்ற எண்ணான 101-க்கு அழைத்து, தெரியாமல் ஊரிலிருந்து வந்துவிட்டது, ஒப்படைக்க விரும்புகிறேன் என்று சொல்லி, அவர்கள் சொல்கிற வழியில் செய்யுங்கள். தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், அழைக்கும்போது நான் பக்கத்தில் இருக்கிறேன்.