கணினி கேள்வி – பதில்: இயங்குதளம் மாறியதும் கறுத்துப்போகும் திரை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தது. அதையொட்டி விண்டோஸ் 11-க்கு மாறிய வாசகர்கள் பலர், மாறியதும் திரை கறுத்துவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். கடிதங்களில் 'திரை கறுப்பாக இருக்கிறது' என்ற ஒரே வரி இருந்தாலும், கோளாறு ஒன்றல்ல. நிறுவனச் சின்னம் தோன்றுவதற்கு முன்பே கறுப்பா, சின்னம் வந்து மறைந்த பிறகா, கடவுச்சொல் கொடுத்த பிறகா, கறுப்பில் மவுஸின் அம்புக்குறி தெரிகிறதா என்ற விவரங்கள் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். அவ்விவரங்களைக் குறிப்பிட்டு எழுதியவர்களின் கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 நிறுவி முடிந்து, மறுநாள் திறந்தபோது கடவுச்சொல் கேட்டது. கொடுத்ததும் திரை முழுவதும் கறுப்பாகி, வெள்ளை அம்புக்குறி மட்டும் நிற்கிறது. மவுஸை அசைத்தால் அதுவும் அசைகிறது. கடையில் கேட்டதற்கு, ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்கிறார்கள். வினாத்தாள்களும் மதிப்பெண் பட்டியல்களும் அதில்தான் இருக்கின்றன.

பதில்: ஃபார்மட் செய்ய இப்போது சம்மதிக்காதீர்கள். அம்புக்குறி அசைகிறது என்றால் திரை, கிராஃபிக்ஸ் சிப், விண்டோஸின் அடிப்படைப் பகுதிகள் ஆகிய அனைத்தும் இயங்கிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். முகப்புத் திரையையும் அதிலுள்ள படவுருக்களையும் கீழே உள்ள பட்டையையும் வரைந்து காட்டுகிற எக்ஸ்ப்ளோரர் என்ற ஒரே ஒரு நிரல்தான் எழுந்து வரவில்லை. உங்கள் கோப்புகளுக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பே இல்லை.

மேம்படுத்தலுக்குப் பிறகு முதன்முறை உள்நுழையும்போது பின்னணியில் நிறைய வேலை நடக்கும். பழைய வகை ஹார்டு டிஸ்க் உள்ள கணினிகளில் இதற்கே நெடுநேரம் ஆவதுண்டு. ஆகவே டிஸ்க் விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தால், சார்ஜரை இணைத்துவிட்டு ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். அதன் பிறகும் மாற்றம் இல்லையென்றால் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். திரையில் சில தெரிவுகள் வரும். அவற்றில் 'டாஸ்க் மேனேஜர்' என்பதைத் திறந்து, 'ரன் நியூ டாஸ்க்' என்பதைச் சொடுக்கி, எக்ஸ்ப்ளோரர் என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்தினால், பெரும்பாலும் முகப்புத் திரை வந்துவிடும்.

வந்த உடனே கணினியை மறுபடி தொடங்கிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு, முதலில் வினாத்தாள்களையும் பட்டியல்களையும் பென் டிரைவில் படியெடுத்துவிடுங்கள். பிறகு அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்டப் ஆப்ஸ்' பகுதிக்குச் சென்று, கணினியோடு சேர்ந்து தானாகத் தொடங்கும் நிரல்கள் அனைத்தையும் முடக்கிவிட்டு மறுதொடக்கம் செய்து பாருங்கள். விண்டோஸ் 10 காலத்தில் நிறுவிய வைரஸ் தடுப்பு மென்பொருள் புதிய இயங்குதளத்தோடு ஒத்துப்போகாமல் இப்படி வழிமறிப்பதுண்டு. அதை நீக்கிவிட்டால், விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்றுக்கொள்ளும். இத்தனைக்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் கையால் எக்ஸ்ப்ளோரரைத் தொடங்க வேண்டியிருந்தால், செட்டிங்ஸில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால், பழுதடைந்தது உங்கள் பழைய கணக்கின் அமைப்புகள் மட்டுமே; கோப்புகளைப் புதிய கணக்கிற்கு மாற்றிக்கொண்டால் போதும்.

கேள்வி: கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் வடிவமைக்கும் டிடிபி கடை வைத்திருக்கிறேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு பொருத்திய மேசைக் கணினி. மேம்படுத்திய பிறகு சின்னம் வருகிறது, புள்ளிகள் சுழல்கின்றன, பிறகு முழுக் கறுப்பு, அம்புக்குறிகூட இல்லை. ஆனால் விண்டோஸ் தொடங்கும் ஒலி மட்டும் கேட்கிறது. முகூர்த்த மாதம் என்பதால் வேலை தேங்கி நிற்கிறது.

பதில்: ஒலி கேட்பதால், கணினி உள்ளே விழித்துக்கொண்டிருக்கிறது, படம் மட்டும் வெளியே வரவில்லை. விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கை அழுத்தும்போது அதன் விளக்கு எரிந்து அணைந்தால் இது இன்னும் உறுதியாகும்.

முதலில் இரண்டு விசைச் சேர்க்கைகளைச் சோதியுங்கள். விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகியவற்றோடு ஸ்பேஸ் பாருக்கு நேர் மேலே உள்ள பி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், கிராஃபிக்ஸ் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) மட்டும் மறுபடி தொடங்கும். ஒரு சிறு 'பீப்' ஒலியோடு திரை வந்துவிடலாம். வராவிட்டால், விண்டோஸ் விசையோடு, எழுத்து வரிசையின் வலது ஓரத்தில் ஓ எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள மற்றொரு பி எழுத்தை அழுத்துங்கள். (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன என்பதால்தான் இத்தனை விளக்கம்.) இல்லாத இரண்டாம் திரைக்குக் கணினி படத்தை அனுப்பிக்கொண்டிருந்தால், இந்த விசையை அழுத்தித் தெரிவை மாற்றி என்டர் தட்டுவதன் மூலம் அதை மீட்கலாம். தெரிவுகள் நான்கு இருப்பதால், கண்ணுக்குத் தெரியாமலே நான்கு முறை முயல வேண்டியிருக்கும். அப்படியே மானிட்டரின் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கார்டில் வராத படம் மதர்போர்டில் வந்தால், குற்றவாளி பெரும்பாலும் கார்டின் டிரைவர்தான்.

உங்கள் அடையாளங்களைப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. சின்னமும் சுழலும் புள்ளிகளும் வரும்வரை கணினி எளிய அடிப்படை முறையில்தான் படம் காட்டுகிறது. கார்டின் சொந்த டிரைவர் பொறுப்பேற்கும் நொடியில் திரை அணைகிறது என்றால், பழைய டிரைவர் புதிய இயங்குதளத்துக்குப் பொருந்தவில்லை, அல்லது மேம்படுத்தலின்போது பாதியில் மாறியிருக்கிறது.

இதைச் சரிசெய்ய சேஃப் மோடுக்கு, அதாவது இன்றியமையாத பகுதிகளோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் முறைக்கு, செல்ல வேண்டும். படமே தெரியாதபோது அங்கே செல்லும் வழி சற்று முரட்டுத்தனமானது. பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். மீண்டும் போட்டு, சின்னம் தெரிந்ததும் மறுபடி அப்படியே அணையுங்கள். இதை இன்னொரு முறை செய்துவிட்டு, அடுத்து போடும்போது விட்டுவிட்டால், விண்டோஸ் தன்னால் தொடங்க முடியவில்லை என்று எண்ணிக்கொண்டு பழுதுநீக்கும் திரையைக் காட்டும். ஆனால் 'அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்' என்ற அறிவிப்பு திரையில் இருக்கும்போது இதை ஒருபோதும் செய்யக்கூடாது. பழுதுநீக்கும் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகச் சென்றால் எண்ணிட்ட பட்டியல் ஒன்று வரும். அதில் 4 என்பது சேஃப் மோட். பழைய விஜிஏ மானிட்டர் வைத்திருந்து, கறுப்புக்கு நடுவே 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்ற எழுத்து மிதந்தால் மட்டும் 3-ஐத் தேர்ந்தெடுங்கள். அது குறைந்த தெளிவுத்திறனில் திரையைக் கொண்டுவரும். அதன்பிறகு டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மானிட்டருக்கு ஏற்ற அளவை வைத்துக்கொள்ளலாம்.

சேஃப் மோடில் கறுப்பு விலகியதும், ஸ்டார்ட் பொத்தானில் வலச்சொடுக்கு செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதன் கீழுள்ள கார்டின் ப்ராப்பர்ட்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' இருந்தால் அதைச் சொடுக்குங்கள். அது மங்கிக் கிடந்தால் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, டிரைவரையும் நீக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் செய்து, மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் தன்னிடமுள்ள அடிப்படை டிரைவரைக் கொண்டு திரையைக் காட்டும். வண்ணமும் அளவும் முன்போல் இராது; கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து விண்டோஸ் 11-க்கான டிரைவரை இறக்கி நிறுவினால் பழைய நிலை வந்துவிடும்.

கார்டு மிகப் பழையதாகி, அதற்குரிய டிரைவரே இல்லையென்றால், பழைய விண்டோஸுக்குத் திரும்புவதே மேல். மேம்படுத்திய 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெகவரி பகுதியில் 'கோ பேக்' இருக்கும். திரையே வராதவர்களுக்குப் பழுதுநீக்கும் திரையில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்பதன் கீழ் அண்மைய ஃபீச்சர் அப்டேட்டை (இங்கே, விண்டோஸ் 11 மேம்படுத்தலை) நீக்கும் வசதி உண்டு. 10 நாட்கள் கடந்தால் விண்டோஸ் பழைய கோப்புகளை அழித்துவிடும் என்பதால் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-இல் இருந்தால் பாதுகாப்பு என்னாவது என்று கேட்பீர்கள்; தனிப்பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும்.

உங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை. 'ரீசெட் திஸ் பிசி, கீப் மை ஃபைல்ஸ்' என்ற வழியை யாராவது சொன்னால், அது கோப்புகளைத்தான் காக்குமே தவிர, நீங்கள் நிறுவிய மென்பொருட்களையும் எழுத்துருக்களையும் காக்காது. யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த பத்திரிகைகள், அந்த எழுத்துரு இல்லையென்றால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் திறக்கும். விற்றவரே இன்று தொழிலில் இல்லாத எழுத்துருக்களை எங்கே தேடுவது? ஆகவே சேஃப் மோடில் நுழைந்தவுடனேயே, விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபாண்ட்ஸ் கோப்புறையைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன்பின் டிரைவரில் கை வையுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற வங்கி ஊழியன் நான். மகன் வாங்கிக் கொடுத்த மடிக்கணினியில் திரை கறுத்துப்போனதால், அக்கம்பக்கத்தார் சொன்னபடி சேஃப் மோடுக்குப் போக முயன்றேன். இப்போது நீலத் திரையில் பிட்லாக்கர் என்று ஏதோ வந்து, 48 இலக்க எண் கேட்கிறது. நான் அப்படி எதுவும் வைக்கவே இல்லையே?

பதில்: நீங்கள் வைக்கவில்லை, கணினியே வைத்துக்கொண்டது. அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு முதன்முறை உள்நுழையும்போது, டிஸ்க் முழுவதும் பிட்லாக்கர் என்ற பூட்டால் தானாகவே பூட்டப்பட்டு, அதன் சாவியான 48 இலக்க எண் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டுவிடுகிறது. வழக்கமாகத் தொடங்கும்போது கணினிக்குள் இருக்கும் டிபிஎம் சிப்பே பூட்டைத் திறந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. சேஃப் மோட் போன்ற மாற்றுவழியில் நுழையும்போது அது சந்தேகப்பட்டுச் சாவியைக் கேட்கிறது. இது திருட்டைத் தடுப்பதற்கான ஏற்பாடுதான். கணினி கெட்டுவிட்டது என்று பொருளல்ல.

அந்த நீலத் திரையிலேயே சாவியைப் பெறுவதற்கான இணைய முகவரியும், சாவியின் அடையாளக் குறியீடும் இருக்கும். கைபேசியில் அந்த முகவரிக்குச் சென்று, கணினியை முதன்முதலில் அமைத்தபோது பயன்படுத்திய மின்னஞ்சலில் நுழைந்தால், ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுத் தொகுதிகளாகச் சாவி கிடைக்கும். அடையாளக் குறியீடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டு நிதானமாக உள்ளிடுங்கள். 'முதன்முதலில் அமைத்தபோது' என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. பல வீடுகளில் கணினியை அமைத்துக் கொடுத்தவர் மகனாகவோ மருமகளாகவோ கடைக்காரராகவோ இருப்பார். சாவியும் அவருடைய கணக்கில்தான் இருக்கும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால், மகனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் இது தீரக்கூடும்.

சாவி எந்தக் கணக்கிலும் இல்லையென்றால், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் அதைத் தர முடியாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் கோப்புகள் திறக்காது. எனவே இதைப் படிக்கும் மற்றவர்கள், கணினி நல்ல நிலையில் இருக்கும்போதே செட்டிங்ஸின் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற இந்தப் பூட்டு இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் சாவியைத் தாளில் எழுதி, வங்கிப் பாஸ்புக்கோடு சேர்த்து வையுங்கள். மேம்படுத்தலைத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: மேம்படுத்தல் முடிந்து ஒரு வாரம் நன்றாக ஓடிய மடிக்கணினி, இப்போது பொத்தானை அழுத்தினால் விசிறி மட்டும் சுற்றுகிறது. சின்னம்கூட வருவதில்லை.

பதில்: சின்னமே வரவில்லையென்றால் விண்டோஸ் இன்னும் தொடங்கவே இல்லை, ஆகவே விண்டோஸ் சார்ந்த வைத்தியம் எதுவும் இங்கே பலிக்காது. சார்ஜரையும் செருகியிருக்கும் மற்ற அனைத்தையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து விடுங்கள். தேங்கிய மின்சாரம் வடிந்து, அடுத்த முறை உயிர் வரலாம். வராவிட்டால், இருட்டறையில் கைபேசி டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால், பழுது திரையின் பின்விளக்கில்தான். எதுவும் தெரியாவிட்டால் எச்டிஎம்ஐ கேபிளில் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பாருங்கள். அங்கும் படம் இல்லையென்றால், ரேம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பதில் தொடங்கி மீதமுள்ளவை கடைக்காரர் வேலை.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். என்னுடையது விண்டோஸ் அல்ல, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம்; அதை 22.04-இலிருந்து 24.04-க்கு மாற்றினேன். என்விடியா கார்டு உள்ள மடிக்கணினி. க்ரப் என்ற தொடக்கப் பட்டியலுக்குப் பிறகு கறுப்பு.

பதில்: க்ரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று முந்தைய கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) தேர்ந்தெடுங்கள். அதில் திரை வந்தால், புதிய கெர்னலுக்கு என்விடியா டிரைவர் ஒழுங்காகத் தொகுக்கப்படவில்லை. 'அடிஷனல் டிரைவர்ஸ்' கருவியில் நூவோ என்ற திறமூல டிரைவருக்கு மாறி, மறுதொடக்கம் செய்து, பிறகு பரிந்துரைக்கப்படும் என்விடியா டிரைவரை மீண்டும் நிறுவுங்கள். முந்தைய கெர்னலிலும் வராவிட்டால், க்ரப்பில் ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் நோமோட்செட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்து எஃப்10 அழுத்தினால் அடிப்படைத் திரை வரும். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) இயங்கும் கணினி என்றால், டிரைவர் நிறுவலின்போது கடவுச்சொல் ஒன்றை வைக்கச் சொல்லி, அடுத்த தொடக்கத்தில் நீலத் திரையில் அதைக் கேட்கும். அங்கே டிரைவருக்கான சாவியைப் பதிவு செய்யும் 'என்ரோல் மோக்' கொடுக்காமல் 'கன்டினியூ' அழுத்திவிட்டால் டிரைவர் ஏற்றப்படாது.