பொருளாதாரம் படிக்கச் சேர்வதற்கு முன் ஒரு வருடம் ஆங்கிலம் மட்டும் படிக்கலாமா?

பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ் வழியில் முடித்தேன், பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, எல்லாமே ஆங்கிலத்தில்தான் என்பதால் ஒரு வருடம் ஆங்கிலம் படித்துவிட்டு அப்புறம் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தள்ளிப்போடாதீர்கள், சேர்ந்துவிடுங்கள். அந்த ஒரு வருடத்தில் நீங்கள் படிக்கப்போகும் ஆங்கிலம் வேறு, பொருளாதார வகுப்பில் உங்களிடம் எதிர்பார்க்கும் ஆங்கிலம் வேறு.

நானும் தமிழ் வழிதான். இளங்கலைத் தேர்வுகளைத் தமிழில் எழுதிவிட்டு, முதுகலையில்தான் முதல்முறையாக ஆங்கிலத்தில் பொருளாதாரம் எழுத உட்கார்ந்தேன். "இலக்கணமே சரியில்லாமல் என்னத்தை எழுதுவது?" என்று இதைப் படிக்கும் சிலர் கேட்பார்கள். இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வாக்கியத்தைப் பிழையில்லாமல் அமைக்க வராதவர் அதைக் கற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் இடம் கிடைக்கும் அளவுக்கு ஆங்கிலம் வைத்திருக்கிறவரை அதற்குமேல் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் இலக்கணம் அல்ல.

எங்கள் பல்கலைக்கழகத்தில் மொழி உதவி வகுப்பு ஒன்று இருந்தது. இயற்பியல், சட்டம், பொருளாதாரம் என்று எல்லாத் துறை மாணவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, சுற்றுச்சூழல் மாசு பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். 'ஏ' எங்கே வரும், 'தி' எங்கே வரும் என்று சிவப்பு மையில் திருத்தித் தருவார்கள். பாடம் எடுத்தவர் நல்லவர், பொறுமையானவர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு ரிக்ரஷன் அட்டவணையை, அதாவது ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்டுக் காட்டும் அட்டவணையை, பார்த்து நான்கு வாக்கியம் எழுது என்று துறையில் சொன்னபோது அந்த வகுப்பில் கற்ற எதுவும் கைகொடுக்கவில்லை.

கைகொடுத்தது ஓர் ஆய்வுக் கட்டுரை. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் எழுதியது. பொருளாதாரம் படித்தால் நீங்களும் எப்படியும் அதைச் சந்திப்பீர்கள். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் உயரவில்லை. எல்லைக்கு இரு புறமும் 410 துரித உணவகங்களை எடுத்துக்கொண்டு, உயர்வுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்று ஒப்பிட்டார்கள். ஊதிய உயர்வு வேலைவாய்ப்பைக் குறைத்ததற்கான அறிகுறி எதையும் காணவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன முடிவு.

எங்கள் செமினாரில் இதைச் சுருக்கிச் சொன்ன மாணவர் சரளமாக ஆங்கிலம் பேசுபவர். "குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினால் வேலை போகாது என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று முடித்தார். நான் கை தூக்கினேன். கட்டுரை அப்படிச் சொல்லவில்லை, இந்த அளவு உயர்வில், இந்த உணவகங்களில், இந்தக் காலத்தில் குறைந்ததாகத் தெரியவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது என்றேன். என் ஆங்கிலம் திக்கித் திணறித்தான் வந்தது. பேராசிரியர் வகுப்பின் மீதி நேரம் முழுவதையும் அந்த வித்தியாசத்துக்கே ஒதுக்கினார். 'குறைத்ததற்குச் சான்று இல்லை' என்பதும் 'குறைக்கவில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது' என்பதும் ஒன்றல்ல என்பதைப் பலகையில் எழுதி விளக்கினார். என் உச்சரிப்பைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

பொருளாதாரத்துக்கு வேண்டிய கல்விசார் ஆங்கிலம் என்று நான் சொல்வது இதைத்தான். கையில் இருக்கும் தரவு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்கு மட்டும் வாக்கியத்தை எழுதும் பழக்கம். 'காஸஸ்' என்று எழுதினால் காரணத்தைக் காட்டியிருக்க வேண்டும். 'இஸ் அசோசியேட்டட் வித்' என்றால் இரண்டும் சேர்ந்து நகர்கின்றன என்று மட்டும்தான் பொருள். 'சஜஸ்ட்ஸ்' என்றால் அந்தப் பக்கம் சாய்கிறது, உறுதியில்லை. மூன்றையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றிப் போட்டால் இலக்கணம் ஒரு பிழையும் காட்டாது, மதிப்பெண் மட்டும் போய்விடும்.

அந்த செமினாருக்குப் பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். படிக்கும் ஒவ்வொரு கட்டுரையிலிருந்தும் வாக்கியங்களை அவை செய்யும் வேலையை வைத்துப் பிரித்து எழுதினேன். முந்தைய ஆய்வோடு முரண்படும்போது எப்படித் தொடங்குகிறார்கள், அட்டவணையை எப்படி வாசித்துக் காட்டுகிறார்கள், தங்கள் தரவின் குறையை எந்த இடத்தில் எப்படிச் சொல்கிறார்கள் என்று தனித்தனிப் பக்கங்கள். முன்னுரைகளைத்தான் அதிகம் பார்த்தேன். பள்ளிக் கட்டுரையில் முடிவைக் கடைசியில் சொல்லிப் பழகியவர்கள் நாம். பொருளாதாரக் கட்டுரையில் கேள்வி என்ன, என்ன செய்தோம், என்ன கிடைத்தது, மற்றவர்கள் சொன்னதிலிருந்து எங்கே மாறுபடுகிறோம் என்று எல்லாவற்றையும் முன்னுரையிலேயே சொல்லிவிடுவார்கள். இது தெரிந்தால் நாற்பது பக்கக் கட்டுரையைக் கண்டு பயம் வராது. சுருக்கம், முன்னுரை, முக்கிய அட்டவணை, முடிவுரை என்ற வரிசையில் முதலில் படியுங்கள். நடுவில் இருப்பதைத் தேவைப்பட்டால் மட்டும் படிக்கலாம்.

அந்த நோட்டு எனக்கு இன்னொரு விதத்திலும் உதவியது. பருவ இறுதிக் கட்டுரையைக் கொடுத்த பிறகு ஒரு விரிவுரையாளர் அறைக்கு அழைத்து, "இதை எழுதியது யார்?" என்று கேட்டார். நான் பேசும் ஆங்கிலமும் காகிதத்தில் இருந்த ஆங்கிலமும் ஒரே ஆளுடையதாக அவருக்குத் தெரியவில்லை. நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். கட்டுரையின் இரண்டாவது அட்டவணையை விளக்கச் சொன்னார், விளக்கினேன். மதிப்பெண் வந்தது. ஆனால் "தவறாக நினைத்துவிட்டேன்" என்ற ஒரு வார்த்தை வரவில்லை. மெதுவாகப் பேசுகிறவர் மெதுவாகத்தான் யோசிப்பார் என்ற நினைப்பு படித்தவர்களிடமும் இருக்கிறது. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

வாக்கியத்தை எடுத்து எழுதுவது திருட்டு இல்லையா என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 'இதற்கு மாறாக, எங்கள் முடிவுகள் காட்டுவது' என்பது போன்ற தொடர் யாருக்கும் சொந்தமில்லை. அதற்குள் வரும் கருத்தும் கண்டுபிடிப்பும் எண்ணும்தான் ஒருவருக்குச் சொந்தம், அவற்றுக்கு மேற்கோள் கொடுத்தே ஆக வேண்டும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்லி தொகுத்த 'அகடமிக் ஃப்ரேஸ்பேங்க்' என்ற இணையத் தொகுப்பே இப்படிப்பட்ட பொதுத் தொடர்களை மாணவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதற்காகத்தான் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. குழுவாகச் செய்யும் புராஜெக்டுகளில் தரவைச் சேர்த்து, சுத்தம் செய்து, இரவெல்லாம் கணக்குப் போட்டவர் ஒருவராக இருப்பார். மேடையில் நின்று அழகாகப் பேசுபவர் இன்னொருவராக இருப்பார். எங்கள் வகுப்பில் விளக்கக்காட்சிக்கும் கணக்குக்கும் தனித்தனி மதிப்பெண் கிடையாது. வேலையைச் செய்த நாங்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். குழுவில் ஒவ்வொருவரிடமும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், யாருக்கு என்ன தெரியும் என்று பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். உங்கள் குழுவில் பேசும் வேலையை யாருக்கும் முழுதாக விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே ஒரு அட்டவணையாவது நீங்கள் விளக்குங்கள்.

சரி, சொற்களுக்கு வருவோம். மொழியியல் ஆய்வாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட ஆங்கிலக் கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து பிறந்த சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) இருக்கின்றன. சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வி நூல்களையும் கட்டுரைகளையும் அலசி எடுத்தது அது. அந்த நூல்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் இந்தப் பட்டியலில் இருக்கிறது. பொருளாதாரமும் அடங்கிய வணிகவியல் பிரிவில் அது சுமார் 12 சதவீதம், அந்த நூல்களைப் பிரித்த நான்கு பிரிவுகளில் அதுதான் அதிகம். ஆகவே பெரிய அகராதியை மனப்பாடம் செய்வதைவிட இந்தப் பட்டியலை முடிப்பது நமக்கு லாபம். ஆனால் பட்டியலாகப் படிக்காமல், கட்டுரையில் வரும்போது அடையாளம் கண்டு படியுங்கள்.

அன்றாட ஆங்கிலத்தில் ஒரு பொருளும் நம் துறையில் வேறு பொருளும் கொண்ட சொற்களிடம் கூடுதல் கவனம் வையுங்கள். 'சிக்னிஃபிகன்ட்' என்றால் பெரியது என்று பொருளல்ல. மிகச் சிறிய விளைவும் புள்ளியியல்படி சிக்னிஃபிகன்டாக, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாததாக, இருக்கலாம். விலை ஏறினால் 'டிமாண்ட்' குறைகிறது என்று எழுதினால் தேவை வளைகோடே இடம் மாறியதாகிவிடும், குறைவது 'குவான்டிட்டி டிமாண்டட்', அதாவது அந்த விலையில் வாங்க விரும்பும் அளவு. வேலையின்மை 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானால் அது 2 சதவீத உயர்வு அல்ல, 2 சதவீதப் புள்ளி உயர்வு. சதவீதத்தில் சொன்னால் 50. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் இந்த மூன்றிலும் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

விரிவுரையைக் கேட்டுப் புரிந்துகொள்வதுதான் உங்களுக்கு முதல் மாதங்களில் கடினமாக இருக்கும். அதற்கு நான் கண்ட வழி, அன்றைய அதிகாரத்தை முன்கூட்டியே படித்துவிட்டுப் போவது. வரைபடம் தெரிந்திருந்தால் பேச்சில் பாதி தவறிப்போனாலும் பேராசிரியர் எங்கே நிற்கிறார் என்று பிடித்துவிடலாம். பள்ளியில் பொருளாதாரம் எடுத்திருந்தீர்கள் என்றால் தேவை நெகிழ்ச்சி, இறுதிநிலைப் பயன்பாடு, சமநோக்கு வளைகோடு எல்லாம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. சேர்வதற்கு இன்னும் நாள் இருந்தால், தமிழ்ப் பாடநூலையும் ஆங்கில நுண்ணியல் பொருளாதாரப் பாடநூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் சில அதிகாரங்களைப் படியுங்கள். ஒவ்வொரு வரைபடத்துக்கும் கீழே நீங்களே ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் எழுதிப் பாருங்கள்.