மூலையில் ஒரு வளைவு

அன்புள்ள ஐயா,

நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற வாரம் எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம். நம் நாட்டில் தயாரான துருவ் ஹெலிகாப்டர் 2025 ஜனவரியில் போர்பந்தரில் விழுந்து மூன்று பேர் இறந்ததையும், ஈக்குவடார் வாங்கிய ஏழு துருவ்களில் நான்கு விழுந்ததையும் சொல்லி, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா, "இதெல்லாம் நமக்கு வராது, வெளியில் வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்" என்றார். இன்ஜின் பிரெஞ்சுக்காரர்களுடையது என்னும்போது அதை நம் தயாரிப்பு என்பதே பொய் என்பது அவர் கட்சி. பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் என்ற அரசு நிறுவனம் செய்வதால்தான் இப்படி, தனியாரிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் அண்ணன். வளரும் நாடு ஒன்றால் ராணுவ ஹெலிகாப்டரை உண்மையிலேயே தானாகச் செய்ய முடியுமா? இந்தத் துறைக்கு வேலைக்குப் போகலாமா என்று எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. வகுப்பில் எல்லோரும் மென்பொருள் பக்கம்தான் போகிறார்கள். எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உலோகச் சோர்வை, அதாவது திரும்பத் திரும்ப விசை பட்டு உலோகம் உடைவதை, சோதிக்கும் இயந்திரம்கூட ஒன்று இருக்கிறது, ஆனால் மூன்று ஆண்டுகளில் அது ஓடி நான் பார்த்ததில்லை.

கதிர்

அன்புள்ள கதிர்,

சூலூர் விமானப்படைத் தளத்துக்கு அருகில் இருப்பதால், சிவப்பு உடலில் மயில் தீட்டிய சாரங் வான்சாகசக் குழுவின் துருவ்கள் பயிற்சிக்குப் பறப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். போர்பந்தர் விபத்துக்குப் பிறகு மூன்று படைகளிலும் கடலோரக் காவல்படையிலுமாக ஏறத்தாழ 330 துருவ்கள் தரையிறக்கப்பட்டபோது அந்த வானம் மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. அப்போதிருந்தே உடைந்த உலோகத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அதற்கு முன் மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம்.

உங்கள் அண்ணனின் தனியார் வாதத்தைத் தேநீர்க்கடையிலேயே விட்டுவிடுங்கள். 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் டூரோய் தீவுக்கு மேலே, ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹெலிகாப்டர் நிறுவனம் செய்த சூப்பர் பூமா ஒன்றின் விசிறி முழுதாகக் கழன்று பறந்துபோய் 13 பேர் இறந்தார்கள். கியர் பாக்ஸுக்குள் இருந்த ஒரு சிறிய பல்சக்கரத்தில் கண்ணுக்குத் தெரியாத குழியொன்று விரிசலாக வளர்ந்து அதைப் பிளந்திருந்தது. அரை நூற்றாண்டு அனுபவமும் பங்குச்சந்தையும் அங்கே இருந்தன. ஈக்குவடார் கதையும் எனக்கு அலுத்துவிட்டது. உதிரிபாகங்கள் ஒழுங்காக வரவில்லை என்பதையும் சேர்த்துப் புகார் சொல்லி அந்த நாடு 2015இல் ஒப்பந்தத்தை முறித்தது. அயல்நாட்டுக்கு விற்றபின் கூடவே நிற்க நமக்குத் தெரியவில்லை என்பதற்கு மேல் அதில் பிழிந்தெடுக்க ஒன்றுமில்லை.

இன்ஜின் விஷயத்தில் உங்கள் பெரியப்பா சொல்வது பாதி உண்மை, அது கசப்பான பாதி. துருவுக்கு முதலில் தேர்ந்தெடுத்த இன்ஜின்களில் ஒன்று அமெரிக்காவின் சி.டி.எஸ். 800. 1998இல் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்தது, தடை வந்தது, இன்ஜின் வரவில்லை. பிரான்சின் டர்போமெக்காவிடம் போனோம், பிறகு அவர்களோடு கூட்டாகச் சக்தி இன்ஜினைச் செய்தோம். வேடிக்கை என்னவென்றால், இருபது ஆண்டுகள் கழித்துத் துருக்கி தன் அடாக் ஹெலிகாப்டரில் முப்பதைப் பாகிஸ்தானுக்கு விற்க 2018இல் ஒப்பந்தம் போட்டபோது, அதே சி.டி.எஸ். 800 இன்ஜினுக்கு அமெரிக்கா ஏற்றுமதி அனுமதி தராததால் அந்த வியாபாரமும் முடங்கியது. நமக்கும் பாகிஸ்தானுக்கும் ஒரே கதவு சாத்தப்பட்டது. இன்ஜின் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் நம் குடுமியும் இருக்கிறது, இதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் "வராது" என்ற அந்தச் சொல்லை ஒருவர் சொன்னார் என்று நீங்கள் அப்படியே தூக்கிக்கொண்டு வந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்றாண்டு பொறியியல் படித்த ஒருவருக்கு, எது வராது, எந்த இடத்தில் வராது, ஏன் வராது என்று திருப்பிக் கேட்கத் தோன்ற வேண்டாமா? உங்கள் பெரியப்பாவை நான் குறை சொல்லவில்லை. அவர் சியாச்சின் பக்கம் இருந்திருந்தால், பனிக்குள் அவருக்கு மண்ணெண்ணெயும் கடிதமும் கொண்டுவந்து இறக்கியது பெங்களூரில் செய்த சீட்டா என்ற சிறு ஹெலிகாப்டராகத்தான் இருந்திருக்கும். கேட்டுப் பாருங்கள், கண் கலங்கினாலும் கலங்குவார். ஆறாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். நம்மையும் பாகிஸ்தானையும் விட்டால் அங்கே சண்டை போட்ட நாடு உலகில் வேறு எது? 1999இல் கார்கிலில், அங்குள்ள சிகரங்களின் உயரத்துக்கு ரஷ்யத் தாக்குதல் ஹெலிகாப்டரால் ஏற முடியாமல், சரக்கும் ஆளும் ஏற்றுகிற எம்.ஐ. 17களில் ராக்கெட்டைப் பொருத்தி அனுப்பினார்கள். மே 28 அன்று அவற்றில் ஒன்று டோலோலிங் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டு நால்வர் இறந்தார்கள். நம் மலைகளுக்கு ஏற்ற ஹெலிகாப்டரை எந்த அயல்நாட்டுக் கடையிலும் அடுக்கி வைத்திருக்கவில்லை. அந்தப் பற்றாக்குறையிலிருந்துதான் பிரசண்ட் என்ற நம் தாக்குதல் ஹெலிகாப்டர் பிறந்தது. 2010இல் முதலில் பறந்து, 2022இல் படையில் சேர்ந்து, 2025 மார்ச்சில் 156க்கு ஆணை பெற்றிருக்கிறது.

சரி, இப்போது எனக்கு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிரான்சிடம் 1962இல் உரிமம் வாங்கிச் சேத்தக் ஹெலிகாப்டரைச் செய்யத் தொடங்கினோம், அடுத்து சீட்டா. இரண்டையும் நூற்றுக்கணக்கில் செய்தோம், நன்றாகவே செய்தோம். ஆனால் 1984இல் நமக்கென்று ஒரு ஹெலிகாப்டரை வடிவமைக்கப் புறப்பட்டபோது, ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட்-போல்கோ-ப்ளோம் நிறுவனத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. இருபது ஆண்டுகளாகக் கையால் செய்த ஒன்றை மூளையால் ஏன் செய்ய முடியவில்லை? இதற்கான விடையை நான் பத்தொன்பது வயதில் கோவை கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டேன் என்பதே அப்போது தெரியவில்லை.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லேத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நூற்பாலை இயந்திரம் ஒன்றின் சுழல்தண்டு எங்கள் பட்டறையின் வாடிக்கையான வேலை. மூல இயந்திரம் வெளிநாட்டினுடையது, டிராயிங்கும் அங்கிருந்து வந்ததுதான். தண்டின் விட்டம் குறைந்து பேரிங் உட்காருகிற தோள்பட்டையில் இரண்டரை மில்லிமீட்டருக்கு ஒரு சிறு வளைவு போட வேண்டும். அதற்குத் தனியாக ஒரு டூலை உரசுகல்லில் பிடித்துத் தீட்டி, வளைவை அளக்கும் ரேடியஸ் கேஜை வைத்து வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி தீட்ட வேண்டும். ஓர் இரவு ஷிஃப்டில் அந்தப் பொறுமை எனக்கு இல்லை. சாதாரண டூலைப் பிடித்து மூலையைக் கூராக வெட்டிவிட்டேன். பார்ப்பதற்கு முன்னைவிட அழகாகவே இருந்தது. நாற்பது தண்டுகள். மைக்ரோமீட்டரில் எல்லா அளவும் சரியாக இருந்ததால் அப்படியே போய்விட்டன.

நான்கு மாதம் கழித்து ஒன்பது திரும்பி வந்தன, எல்லாம் ஒரே இடத்தில் முறிந்து. எங்கள் ஃபோர்மேன் மணியண்ணன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு துண்டை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். முறிந்த முகத்தில், அலை பின்வாங்கிய கரைமணலில் இருப்பதுபோல வரிவரியாக வளைகோடுகள். விளிம்பில் ஒரு புள்ளியில் தொடங்கி உள்ளே உள்ளே நகர்ந்து, கடைசியில் சுண்டுவிரல் நக அளவு மட்டும் சொரசொரப்பாக இருந்தது. "பாத்தியா கண்ணு, இது ஒரே நாள்ல ஒடையல. தெனமும் கொஞ்சங் கொஞ்சமா ஒடைஞ்சிருக்குது" என்றார். அந்த வளைவு அங்கே எதற்கு என்று கேட்டேன். அவர் துண்டை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அது தெரீலடா கண்ணு. டிராயிங்குல இருந்துச்சு, இருவது வருசமாப் போட்டுட்டு இருக்கறேன்."

கதிர், உரிமத்தில் உற்பத்தி செய்வது என்பது இவ்வளவுதான். டிராயிங் வரும், அளவு வரும், எத்தனை மைக்ரான் கூடலாம் குறையலாம் என்பது வரும். ஏன் என்பது வராது. அதைத் தெரிந்துகொள்ள அவர்கள் எத்தனை தண்டை உடைத்தார்கள் என்பது அந்தக் காகிதத்தில் இருக்காது, அதற்கு விலையும் கிடையாது. மணியண்ணனைவிடக் கைத்திறன் உள்ள ஒருவரை நான் வாழ்க்கையில் சந்தித்ததில்லை. அவருக்கே அந்த ஒரு வளைவின் காரணம் தெரியாது என்றால், அதற்குக் காரணம் அவர் அறிவில் குறை இருந்ததல்ல. சரியாகச் செய்கிற வரை எதுவும் உடையாது. உடையாதவரை யாருக்கும் கேள்வி எழாது.

ஹெலிகாப்டரில் இந்தக் கேள்வி ஆயிரம் இடங்களில் காத்திருக்கிறது. விமானத்தின் இறக்கை அசையாமல் நிற்கிறது. துருவ் போன்ற ஹெலிகாப்டரில் விசிறியின் இறக்கையோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 சுற்று சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை மேலும் கீழும் முறுக்குப்படுகிறது. ஒரு மணி நேரம் பறந்தால் அதைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ இருபதாயிரம் முறை இழுபட்டுத் தளர்கிறது. விமானியின் கை அசைவைச் சுழலாத பகுதியிலிருந்து சுழலும் இறக்கைகளுக்குக் கடத்துகிற தட்டுக்கு ஸ்வாஷ் பிளேட் என்று பெயர். போர்பந்தர் விபத்தில் முறிவு அதன் சுழலாத பகுதியில்தான் என்று விசாரணை கண்டது. அதற்கு முன் 2023இல் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் பிரச்சினை வந்து, அலுமினியத்தை எடுத்துவிட்டு எஃகில் மாற்றினார்கள். இதை உங்கள் வீட்டில் தோல்வியின் பட்டியலாக வாசித்திருப்பீர்கள். பெங்களூரில் அந்த உடைந்த துண்டைக் கையில் பிடித்து, ஏன் என்று கேட்டு, பதிலுக்கு ஏற்ப மாற்றுகிற அதிகாரம் உள்ள ஒருவர் இருக்கிறார் என்பதை நான் அதில் வாசிக்கிறேன். சீட்டாவில் அவருக்கு அந்த அதிகாரம் இருந்ததில்லை.

உடனே, விபத்துகள் கற்றலுக்குக் கொடுக்கும் கட்டணம் என்று என் பெயரில் எங்கும் எழுதிவிடாதீர்கள். அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. போர்பந்தரில் இறந்த மூவரும் யாருடைய பாடத்துக்கும் சோதனைத் துண்டுகள் அல்ல. உடைய வேண்டியது ஆய்வுக்கூடத்தில், பலமுறை, அலுக்க அலுக்க உடைய வேண்டும். அங்கே உடைக்காமல் விட்டதுதான் வானத்தில் உடைகிறது. நம்மிடம் உள்ள குறை அது, அதைக் கத்திச் சொல்லலாம்.

வாங்கிவிட்டால் இந்தக் கவலை இல்லை என்கிறவர்களுக்கு ஒரே ஓர் உதாரணம். 2018 ஜூலையில் தென்கொரியாவின் போஹாங்கில் அவர்களுடைய சூரியான் வகை ஹெலிகாப்டர் மேலே எழும்பிய சில நொடிகளில் விசிறி பிய்ந்து விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். உடைந்தது ஐரோப்பாவிலிருந்து வாங்கிய விசிறித்தண்டு. வெப்பப் பதப்படுத்தலில் குளிர்விக்கும் முறை தவறியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். துண்டை அறுத்துப் பார்க்கத் தெரிந்த ஆட்கள் அவர்கள் ஊரிலேயே இருந்தார்கள்.

செய்ய முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். உலகமே ஆயுதத் தடை விதித்திருந்தபோது தென்னாப்பிரிக்கா ரூய்வால்க் என்ற தாக்குதல் ஹெலிகாப்டரைச் செய்து 1990இல் பறக்கவிட்டது. அது 2013இல் காங்கோவில் ஐ.நா. படைக்காகச் சண்டையும் போட்டது. ஆனால் அவர்கள் படைக்குச் செய்தது மொத்தம் 12. பன்னிரண்டு ஹெலிகாப்டர்கள் பறக்கும் மணிகளில் எத்தனை கேள்விகள் எழுந்துவிடும்?

வேலைக்குப் போகலாமா என்பதை மறந்தே போனேன், மன்னிக்கவும். நண்பர்கள் எங்கே போகிறார்கள் என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் நாளைக்கு அந்தச் சோதனை இயந்திரத்தின் உறையை எடுக்கச் சொல்லுங்கள். மோட்டார், துண்டைப் பிடிக்கும் சக், எடைத்தட்டு, சுற்றை எண்ணும் கவுண்டர், அதற்குள் இவ்வளவுதான் இருக்கும். பெல்ட் இற்றிருக்கலாம், கவுண்டர் நின்றிருக்கலாம், இரண்டும் கடையில் கிடைப்பவைதான். மூன்றாண்டுகளாக அதைக் கடந்து போனதற்கு உங்கள் ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ஒரே கம்பியிலிருந்து இரண்டு துண்டுகளைக் கடைந்து, ஒன்றின் தோள்பட்டையில் இரண்டரை மில்லிமீட்டர் வளைவும் மற்றொன்றில் கூரான மூலையும் வையுங்கள். ஒரே எடையைத் தொங்கவிட்டு, இரண்டும் உடையும்வரை ஓட்டுங்கள். கவுண்டர் காட்டுகிற இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள். மணியண்ணன் இப்போதும் கணபதியில்தான் இருக்கிறார். அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.