தடித்த மெத்தை போட்டால் சேணம் பொருந்திவிடுமா?

கேள்வி: எட்டு வயதுக் குதிரைக்குப் பழைய தோல் சேணம் ஒன்று பார்த்திருக்கிறோம். வைத்துப் பார்த்தால் முன்பக்கம் தாழ்ந்து, தோளுக்கு மேலே உள்ள மேட்டில் இடிக்கிற மாதிரி இருக்கிறது. "மீடியம் சைஸ்தான், சேணத்துக்கு அடியில் தடித்த மெத்தை போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் தரகர். மகள் ஏறிப் பழகத்தான். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள்.

சேணத்துக்கு உள்ளே ஒரு சட்டம் இருக்கிறது, ட்ரீ என்பார்கள். ஏறுபவரின் எடையை முதுகெலும்பில் இறக்காமல் இருபுறத் தசைமேல் பரப்புவதுதான் அதன் வேலை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தச் சட்டம் உங்கள் குதிரைக்கு அகலம். மெத்தை சில நாள் தூக்கிக் காட்டும். அமுங்கியதும் சேணம் பழையபடி எலும்பில் இறங்கும், பக்கவாட்டிலும் உருளும். குறுகலான சட்டத்துக்கு மெத்தை போடுவது இன்னும் மோசம், இறுக்கம்தான் கூடும்.

'மீடியம்' என்பதை நம்பவே நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனிக்கு வைடு. செருப்புக்குக்கூட நம்பர் இருக்கிறது. உயிருள்ள முதுகில் ஏற்றும் பொருளுக்குப் பொதுவான ஓர் அளவு வைக்க இந்தத் தொழிலுக்கு இன்னும் மனம் வரவில்லை.

என்னிடம் வந்த பெண்குதிரை ஒன்று, வயிற்று வாரை இழுத்தாலே காதை மடக்கிக்கொண்டு கடிக்க வரும். திமிர் என்று சொல்லி அதை அடித்திருக்கிறார்கள். சேணத்தை இறக்கினேன். மேட்டின் இருபுறமும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை முடி. அழுத்தத்தில் மயிர்க்கால் கெட்டுப்போனால் அப்படித்தான் நிறமில்லாமல் முளைக்கும். இதே மெத்தை யோசனையைச் சொல்லித்தான் அந்தச் சேணத்தையும் விற்றிருந்தார்கள்.

மெத்தை செல்லுபடியாகும் இடம் ஒன்று உண்டு. நோயிலோ நீண்ட ஓய்விலோ குதிரையின் முதுகுத் தசை வற்றியிருக்கும். தசை திரும்ப வளரட்டும் என்று வேண்டுமென்றே சற்று அகலமான சேணம் போட்டு, பள்ளமான இடத்தில் மட்டும் துண்டு மெத்தை வைப்பார்கள். தசை ஏற ஏற ஒவ்வொரு துண்டாக எடுத்துவிடுவார்கள். சேணம் பொருத்தத் தெரிந்தவர் வந்து வந்து பார்த்துச் செய்யும் தற்காலிக ஏற்பாடு அது. உங்கள் குதிரை அப்படி வற்றியிருந்தால் மட்டும் இந்தப் பேச்சு. தரகர் சொல்வது அதுவல்ல. கையில் உள்ளதைத் தள்ளிவிடப் பார்க்கிறார்.

அடுத்த சேணத்தைப் பார்க்கும்போது மெத்தை இல்லாமல் வையுங்கள். வாரைக் கட்டி, மகளை ஏற்றி, மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே 2 விரலாவது நுழைகிறதா என்று பாருங்கள். முன்பக்கம் தோள் எலும்புக்குப் பின்னால் நிற்க வேண்டும். பின்பக்கம் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. எண்ணெய் தடவிய பளபளப்பில் மயங்காமல், வயிற்று வார் மாட்டும் பட்டைகளின் தையலைப் பலமாக இழுத்துப் பாருங்கள். அது விட்டால் பிள்ளை கீழே. பயிற்சியாளரே சிபாரிசு செய்தாலும் கமிஷன் உண்டா என்று நேராகக் கேளுங்கள், அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

சில நாள் ஓட்டிப் பார்க்கத் தருகிறவரிடம் மட்டும் வாங்குங்கள். நன்றாக வியர்க்க ஓட்டியபின் சேணத்தை இறக்கிப் பாருங்கள். நடு முதுகெலும்பு காய்ந்திருப்பது சரி. மற்றபடி சுற்றிலும் ஈரமாக இருந்து ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால், அதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.